பஞ்சாலைச் சிறுவன் தந்த பாடமணி

ஸ்காட்லாந்து நாட்டில் டன்பெர்ம்லைன் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஏழை நெசவாளி இருந்தார். கைத்தறிதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1835-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆண்ட்ரு கார்னெகி என்று பெயர் வைத்தார்கள்.

நீராவித் தறி வந்தது. கைத்தறித் தொழில் படுத்தது. 1848-ல் கடன் வாங்கிக் கொண்டு, குடும்பமே கப்பல் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

ஆண்ட்ருவின் பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. 13 வயதில் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். நூல் சுற்றும் பாபின்களை மாற்றுவது அவன் வேலை. வாரக் கூலி 1 டாலர் 20 செண்ட். பிறகு, தந்திகளை வீடு வீடாகக் கொடுக்கும் பையன் ஆனான்.

சனிக்கிழமை புத்தகம்

அந்த ஊரில் ஆண்டர்சன் என்ற செல்வந்தர் இருந்தார். தம்முடைய 400 புத்தகங்களை வேலைக்குப் போகும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் ஆண்ட்ரு ஓடிப்போய் ஒரு புத்தகம் வாங்கி வருவான். அதுவே அவனுக்குக் கல்லூரி.

சிறுவன் வளர்ந்தான். ரெயில்வேயில் உயர்ந்தார்; இரும்புத் தொழிலில் கோடீசுவரர் ஆனார். அந்தப் பணத்தில் கறையும் உண்டு. 1892-ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலித் தகராறு மூண்டது. மோதலில் தொழிலாளர்கள் பலர் உயிர் இழந்தனர். கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார்.

1901-ல் தொழிலை 48 கோடி டாலருக்கு விற்றார். பிறகு பணத்தைக் கொடுப்பதே அவர் வேலை ஆயிற்று. 2,500-க்கும் மேற்பட்ட நூல் நிலையங்கள் எழும்பின.

வாத்தியாருக்குப் பென்சன்

கார்னெல் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் கார்னெகி இருந்தார். பேராசிரியர்களின் சம்பளத்தைக் கண்டு திடுக்கிட்டார். வயதான காலத்துக்கு அவர்களால் ஒரு காசும் சேர்க்க முடியவில்லை. 1905-ல், அவர்களுக்குப் பென்சன் தர 1 கோடி டாலர் கொடுத்தார். அரசாங்கப் பல்கலைக்கழகங்களையும் சேர்க்க, 1908-ல் மேலும் 50 லட்சம் கொடுத்தார்.

எது உண்மையான கல்லூரி? அன்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகை மாட்டலாம். ஆகவே அறநிலையம் ஒரு நிபந்தனை விதித்தது. உயர்நிலைப் பள்ளியில் 14 யூனிட் படித்தவர்களையே கல்லூரி சேர்க்க வேண்டும். ஒரு யூனிட் என்பது, ஒரு பாடத்தை ஆண்டில் சுமார் 120 மணி நேரம் படிப்பது. பென்சன் வேண்டுமே! கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. கல்லூரிப் பாடத்தையும் மணிக் கணக்கில் அளக்கும் வழக்கம் வேரூன்றியது.

தலைக் கணக்கும் மணிக் கணக்கும்

வாரம் ஒரு மணி வகுப்பு வீதம் ஒரு பருவம் படித்தால், ஒரு பாடமணி. இதை அங்கே கிரெடிட் என்கிறார்கள். பட்டம் பெறப் பொதுவாக 120 பாடமணி வேண்டும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அரசாங்கப் பணமும் இந்தக் கணக்கை வைத்தே பல்கலைக்கழகத்துக்கு வருகிறது.

அதனால் தலையை மட்டும் எண்ணினால் போதாது. 100 மாணவர்கள் ஆளுக்கு 15 பாடமணி எடுத்தால் மொத்தம் 1,500. மறு ஆண்டு 120 பேர் சேர்கிறார்கள். வேலை பார்த்துக் கொண்டே படிப்பதால், ஆளுக்கு 12 மட்டும் எடுக்கிறார்கள். மொத்தம் 1,440. கூட்டம் கூடியது, வருமானம் குறைந்தது!

2010-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் படித்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்தத் தொகை சரிந்தது. பாடமணி குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் ஆசிரியர் வேலைக்கே ஆபத்து. ஆசிரியரைக் காக்கப் பிறந்த கணக்கு, இன்று ஆசிரியரின் வேலையையே நிர்ணயிக்கிறது.

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி கார்னெகி காலமானார். வாழ்நாளில் அவர் கொடுத்தது சுமார் 35 கோடி டாலர்.

உயர்நிலைப் பள்ளி வாசலை அவர் மிதித்தது இல்லை. அவர் பணத்தால் பிறந்த அளவுகோலில் அவரையே நிறுத்தினால், ஒரு யூனிட்கூடத் தேறாது. வகுப்பில் இருந்த நேரத்தை அந்தக் கோல் அளக்கும். சனிக்கிழமை இரவல் வாங்கிய புத்தகத்தை அது அளக்காது.