கலாநிதி என். எம். பெரேரா

சப்பிரகமுவ மக்கள் மறவாத பெரியோருள் கலாநிதி என். எம். பெரேரா ஒருவர். 1905இல் பிறந்து, இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட அவர், 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணி புரிந்தார். 1935இல் தோழருடன் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவி, மறு ஆண்டே ருவன்வெல்லவிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். யுத்தத்தை எதிர்த்தமையால் 1940இல் சிறைப்பட்டு, 1942இற் கண்டிச் சிறையினின்றும் தப்பி இந்தியா சென்றார்.

யுத்தத்தின் பின் ஹங்கேரிக் கம்யூனிஸ்டுகள் 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றும், சோவியத் படையின் நிழலில் உள்நாட்டமைச்சையும் பொலிஸையும் கைக்கொண்டு, ஏனைய கட்சிகளைப் பிளந்து, 1949இல் தனியாட்சி கண்டனர். ஸ்டாலினை ஏற்காது துரொட்ஸ்கியின் வழிநின்ற பெரேராவுக்கோ படைத்துணை இல்லை, வாக்குச்சீட்டே துணை. 1947இல் எதிர்க்கட்சித் தலைவரான அவர், மறு ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தார். அது நிறைவேறியமையால் தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். பின்னர் வாக்குரிமையும் இழந்தனர். இடதுசாரிகளுக்கு அவ்வாக்குகளின் பலமும் போயிற்று.

1964இற் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் அவர் நிதியமைச்சரானார். அவ்வாண்டே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்கள் பலரைக் கடல் கடக்கச் செய்தது. குருவிட்ட முதலிய தோட்டப் பகுதிகளில் வாழும் நமக்கு அஃது ஆறாத மனத்தாங்கலே.

1970இல் மீண்டும் நிதியமைச்சரானார். 1975இற் பிரதமரால் நீக்கப்பட்டார். 1977இல் வாக்காளர் கைவிட்டபோது, அத்தீர்ப்பை ஏற்று ஒதுங்கினார், 1979இல் மறைந்தார். அதிகாரத்தை நிலைநிறுத்த அவர் அறியவில்லை என்பாருளர். பலாத்காரத்தால் அதனை நிலைநிறுத்த முயலாமையை அவர்தம் பெருமையென்றே நாம் கொள்வோம்.