கிணற்றடியிலும் அரசன் முன்னும் ஒரே ஒழுக்கம்



அய்யாவின் சரித்திரம் சொல்லும் அன்புக்கொடி மக்கள் திருச்செந்தூர்க் கடலை மறப்பதில்லை. சிங்காரத்தோப்புச் சிறையையும் புலிக்கூண்டையும் மறப்பதில்லை. சிறை வாசலைத் திறந்துவிட அரசன் வைத்த நிபந்தனையை மட்டும் விரைவாகக் கடந்து போய்விடுகிறோம். அய்யாவின் ஒழுக்கம் எத்தகையது என்பது புலிக்கூண்டைவிட அந்த நிபந்தனையின் முன்னால்தான் நன்றாக விளங்குகிறது.

தென் திருவிதாங்கூரில், இன்று சாமித்தோப்பு என வழங்கும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாள் அம்மைக்கும் 1809-ல் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் சினந்தனர். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பெயரையே பிடுங்கிக்கொண்ட காலம் வேறு எதை விட்டுவைக்கும்? தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம் என்று எளிய மக்கள் மேல் சுமத்தினார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் கூடாது.

கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833-ல், நோயுற்ற நிலையில் திருச்செந்தூருக்குச் சுமந்து செல்லப்பட்டவர் கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிவந்தார். ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில், கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த இருப்பில். நோயாளிகள் திரண்டு வந்தார்கள். தண்ணீரும் திருநாம மண்ணுமே மருந்து. கட்டணம் கிடையாது. காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம், ஆடு கோழி பலி வேண்டாம் என்று விலக்கினார். அதிகாரியின் வாசலிலும் கோவில் வாசலிலும் கொடுத்துக் கொடுத்தே காய்ந்துபோன மக்களுக்கு, வாங்க மறுக்கும் ஒருவரைக் காண்பதே புதுமையாக இருந்திருக்கும்.

முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்தார்கள், ஒன்றாக உண்டார்கள். இன்ன சாதி இந்தக் கிணற்றடிக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த நாட்டில் இது சிறிய செய்தி அல்ல. மேல்சாதியாரின் முறையீடு சுவாதித் திருநாள் மகாராஜாவின் காதுக்கு எட்டியது. அரசவையில் ஆயர் குலத்தவரான பூவண்டர் அய்யாவுக்காகப் பரிந்து பேசினார் என்று அகிலம் சொல்கிறது. அரசனின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் எதிர்ப்பக்கம் நின்று பேசிய அந்த மனிதரை நம் மக்கள் இன்னும் அதிகமாக நினைக்கலாம்.

படைவீரர்கள் பிடிக்க வந்தபோது சுற்றியிருந்த மக்கள் கொதித்து எழுந்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு வீரர்களோடு நடந்தார். நச்சுப் பாலும், சுண்ணாம்புச் சூளையும், மிளகாய் வற்றல் அறையும், பசித்த புலியும் அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதை அகிலத்திரட்டு அம்மானை விரித்துரைக்கிறது. வெல்ல முடியாத அரசு பிறகு பேரத்துக்கு வந்தது. தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றது.

கேட்டதற்குச் சம்மதித்து வெளியே வந்திருக்கலாம். வந்தபின் மனம்போல் நடந்திருக்கலாம். உலகில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சிறையில் கையெழுத்து வேறு, ஊரில் நடத்தை வேறு என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். அய்யா அதற்கு இணங்கவில்லை. கிணற்றடியில் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தியவர் அரசன் முன்னால் அதை மறுத்து ஒரு வரி எழுதவும் சம்மதிக்கவில்லை. 110 நாள் சிறையிருந்து 1839 மார்ச்சில் அவர் வெளிவந்தபோது அந்த நிபந்தனை நிறைவேறாமலே கிடந்தது. மாசி 19-ல் திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலம் அந்தத் திரும்புதலின் நினைவே.

அதன்பின் அய்யா செய்ததுதான் கவனிக்கத்தக்கது. அரசனை எதிர்த்து வென்றவர் படை திரட்டவில்லை. 700 குடும்பங்களைக் கடற்கரையில் வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவம் இருக்கச் சொன்னார். நாளுக்கு மூன்று வேளைக் குளியல், உடுத்த துணியைத் துவைத்து உடுத்தல், பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்த ஒரு வேளை உணவு. மீனும் இறைச்சியும் இல்லை. கடற்காற்றில், வெயிலில், குழந்தை குட்டிகளோடு மாதக்கணக்கில் இப்படி வாழ்வது எளிதா? வாகைப்பதியில் தொடங்கிய தவம் முட்டப்பதியிலும் தொடர்ந்தது. அடித்து வேலை வாங்கப்பட்டே பழகிய மக்கள், யாரும் அடிக்காமல், யாரும் காவல் நிற்காமல், தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டுக்குள் வாழக் கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பிய அந்தத் துவையல் பண்டாரங்களின் வீடும் பேச்சும் மாறியிருந்தன. அவர்கள் போன இடமெல்லாம் நெறியும் போயிற்று. குளித்துத் துவைத்து உடுத்தவனை அழுக்கன் என்று தள்ளிவைக்கச் சொல்ல ஒரு காரணம் குறைந்தது. தள்ளிவைத்தாலும் தலை குனியத் தேவையில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது.

எளியவர்க்கு மறுக்கப்பட்ட தலைப்பாகையைத் தம் மக்கள் கட்டி வணங்கச் செய்தார். 1016 கார்த்திகை 27-ல் அரிகோபாலச் சீடர் அகிலத்திரட்டை எழுதத் தொடங்கினார். தாங்கல்கள் ஊர்தோறும் எழுந்தன. அங்கே வழிபாட்டோடு ஏழைக்கு உணவும் பிள்ளைக்கு எழுத்தும் கிடைத்தன.

1026 வைகாசி 21, திங்கட்கிழமை, 1851 ஜூன் 2 அன்று அய்யா வைகுண்டம் ஏகினார். பதிக்கு வருவோர் இன்றும் முதலில் முத்திரிக் கிணற்றில் நீராடுகிறார்கள். பிறகு ஆண்கள் தலைப்பாகை கட்டி உள்ளே போய், பள்ளியறைக் கண்ணாடியின் முன் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்து நிற்கிறார்கள்.