பொம்மைச் சிப்பாய், மரக்குண்டு, ஒரு டாஸ்: போர் விளையாட்டுக்கு விதி எழுதிய எச்.ஜி.வெல்ஸ்

வார்ஹேமர் மாதிரி ஒரு ஃபேன்டசி போர் விளையாட்டை மேஜையில் குட்டி உருவங்களை வைத்து ஆடுபவர்களுக்கு, ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு தலைவலி. படையை எங்கே நிறுத்துவது? முதல் நகர்வு யாருக்கு? வீட்டில் ஆடும் சாதாரண மனிதர்களுக்காக இந்த இரண்டுக்கும் 1913-லேயே தெளிவாக விதி எழுதியவர் ஒரு ராணுவத் தளபதி அல்ல. 'டைம் மெஷின்' எழுதிய அதே எச்.ஜி.வெல்ஸ்தான்!

துணிக்கடையில் தொடங்கிய வாழ்க்கை

1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ப்ராம்லியில் பிறந்தார் வெல்ஸ். அப்பா பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். கென்ட் அணிக்காக கிரிக்கெட்டும் ஆடினார். அம்மா பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். கடையில் வியாபாரம் சுமார்தான். ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் புத்தகம் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

சில ஆண்டுகளில் அப்பாவுக்கும் கால் உடைந்து, கிரிக்கெட் வருமானம் நின்றுபோனது. பையனைத் துணிக்கடையில் வேலை பழக அனுப்பினார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. போராடி வெளியே வந்து, 1884-ல் உதவித்தொகையுடன் லண்டனில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே பாடம் எடுத்தவர், டார்வினுக்காக வாதாடிப் புகழ்பெற்ற டி.எச்.ஹக்ஸ்லி. 1895-ல் 'டைம் மெஷின்', 1898-ல் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. 32 வயதுக்குள் உலகமே அறிந்த எழுத்தாளர் ஆகிவிட்டார்.

சாப்பிட்ட பிறகு ஒரு சண்டை

கடலோர ஊரான சாண்ட்கேட்டில் வெல்ஸ் குடும்பத்தோடு வசித்தார். இரண்டு மகன்கள். வீடு முழுக்க பொம்மைகள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த நண்பர், பக்கத்து மேஜையில் கிடந்த பொம்மை பீரங்கியை எடுத்து ஒரு சிப்பாயைக் குறிபார்த்துச் சுட்டார். ஸ்பிரிங்கில் இயங்கும் பீரங்கி. குண்டு என்பது ஓர் அங்குல நீள மரத்துண்டு. சிப்பாய் கீழே விழுந்தான். அவ்வளவுதான், பெரியவர்களுக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது! அந்த நண்பரின் பெயரை வெல்ஸ் முதலெழுத்துகளாக மட்டுமே சொன்னார். அவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே.ஜெரோம் என்பது பரவலான கருத்து.

போர் விளையாட்டு அப்போது புதிது அல்ல. பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1820-களிலிருந்தே பயிற்சிக்காக ஆடிவந்தார்கள். ஆனால் அது வரைபடமும் கணக்குமாக இருந்தது. வெல்ஸ் அதைத் தரைக்கும் புல்வெளிக்கும் கொண்டுவந்தார். நண்பர்களோடு ஆடி ஆடித் திருத்திய விதிகள் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளிவந்தன.

படையை நிறுத்துவது எப்படி?

முதலில் களம். வீடு, மரம், மேடு எல்லாவற்றையும் ஒருவர் அமைக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது மற்றவர். ஒருவர் பங்கு பிரித்தால் மற்றவர் முதலில் எடுப்பது என்று வீட்டில் பிள்ளைகளுக்குள் தின்பண்டம் பிரிப்போம் இல்லையா, அதே நியாயம்தான். ஒரு பக்கத்தை மட்டும் வசதியாக அமைத்தால் எதிராளி அதைத்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்து டாஸ். களத்தின் நடுவே திரை கட்ட முடிந்தால் இருவரும் ஒரே நேரத்தில் படையை நிறுத்தலாம். திரை விலகும்போதுதான் எதிராளியின் திட்டம் தெரியும். திரை இல்லாவிட்டால் டாஸ் வென்றவர் முதலில் நிறுத்த வேண்டும். அதாவது, தன் கையைக் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாமவர் நிறுத்துவார்.

அப்படியானால் டாஸ் வென்றவருக்கு என்ன லாபம்? முதல் குண்டு அவருடையது. ஆனால் அதுவும் உடனே கிடையாது. இருவரும் ஒரு முறை நகர்ந்த பிறகுதான் பீரங்கி பேசலாம். ஆக, இரண்டாமவருக்கு ஆட்களை மறைவிடத்துக்குக் கொண்டுபோக ஒரு நகர்வு கிடைக்கிறது. ஒருவருக்கு முதல் சூடு, மற்றவருக்குத் தகவலும் அவகாசமும்.

பீரங்கியை எங்கே வைப்பது என்பதும் சிக்கல்தான். ஆறு அங்குலத்துக்குள் தன் படை ஆட்கள் நான்கு பேராவது இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு முறைக்கு நான்கு குண்டு வரை சுடலாம், அல்லது நகர்த்தலாம். இரண்டும் முடியாது. தப்பான இடத்தில் வைத்துவிட்டால், அதைச் சரிசெய்யவே ஒரு முறை வீண். காலாட்படைக்கு ஓர் அடி, குதிரைப்படைக்கு இரண்டு அடி. யோசிக்கவும் நேரக்கட்டுப்பாடு உண்டு: 30 பேருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு நிமிடம்.

விளையாட்டும் நிஜமும்

புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் சொன்ன வாதம் முக்கியமானது. பொம்மைப் போரை நாலு தடவை ஆடினாலே, நிஜப் போர் எவ்வளவு குளறுபடியானது என்று புரிந்துவிடும் என்றார். சண்டை ஆசை உள்ளவர்கள் தரையில் ஆடித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. அப்போது அதே வெல்ஸ் பிரிட்டன் பக்கம் நின்று, இனிப் போரே வராமல் செய்யும் போர் இது என்று எழுதினார். 1918-ல் அரசின் பிரச்சாரப் பணியிலும் சேர்ந்தார். அந்த நம்பிக்கை பொய்த்தது. நாடுகளுக்கு மேலே ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று மீதி வாழ்நாள் முழுக்க எழுதினார். 1914-ல் வந்த தன் நாவலில் அவர் கற்பனை செய்திருந்த அணுகுண்டு, 1945-ல் ஹிரோஷிமாவில் விழுந்ததையும் பார்த்துவிட்டு, 1946 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் இறந்தார்.

அவருடைய விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. 1971-ல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் எழுதிய 'செயின்மெயில்' விதிகளில் டிராகன்களும் மந்திரவாதிகளும் களத்துக்கு வந்தார்கள். அதிலிருந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. 1983-ல் வார்ஹேமர் வந்தது. 'லிட்டில் வார்ஸ்' 2004-ல் மறுபதிப்பானபோது முன்னுரை எழுதியவர் அதே கைகாக்ஸ்தான். இன்றைக்கு டாஸுக்குப் பதில் பகடை உருட்டலாம், சிப்பாய்க்குப் பதில் டிராகன் நிற்கலாம். முதலில் சுடுவதா, முதலில் பார்ப்பதா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.