ஹாஃப்கின் பெரியார்

உலகிற்கு உயிரளித்தோருள் சிலர் தம் வாழ்நாளில் பழியையும் சுமந்தனர். அவருள் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் வாழும் நம்மனோர்க்குப் பிளேக் என்பது ஏட்டில் காணும் ஒரு பெயரே. ஆயின் 1896 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் அக்கொள்ளைநோய் நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அதற்குத் தடுப்பு மருந்து கண்டவர் வால்டெமார் ஹாஃப்கின் ஆவர்.

அவர் 1860-ஆம் ஆண்டு ஒடெஸா நகரில் யூதக் குடியில் தோன்றினார். மெச்னிகாஃப் என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். பின்னர்ப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் நூலகப் பணியில் அமர்ந்து, ஓய்ந்த வேளையில் ஆராய்ந்து, 1892-இல் வாந்திபேதிக்கு மருந்து கண்டார். அதனை முதற்கண் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா போந்தார்.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவிற்று. அந்நகரத்துக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஹாஃப்கின் ஆய்வு தொடங்கினார். அந்நோயின் நுண்கிருமியை 1894-இல் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். அதனை ஊன்சாற்றில் வளர்த்து, வெப்பத்தாற் கொன்று, ஹாஃப்கின் மருந்தாக்கினார். 1897 சனவரி 10-ஆம் நாள் அதனையும் முதலில் தமக்கே இட்டுக்கொண்டார்.

இறந்த கிருமி உயிரைக் காப்பது எங்ஙனம்? இக்கிருமி தெள்ளுப்பூச்சியின் உடலிற் குளிர்ந்திருக்குங்கால் போர்வையின்றித் திரியும். மனிதனது உடற்சூட்டை அடைந்ததும் புரதத்தாலாய போர்வை ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். அப்போர்வை, நம் குருதியின் வெள்ளணுக்கள் அதனை விழுங்காவண்ணம் தடுக்கும். ஆயின் உடல் அப்போர்வையை முன்னரே அறிந்திருப்பின், அதனையே அடையாளமாகக் கொண்டு பகையை அழிக்கும். கிருமியின் புறப்போர்வை வேறு, அகவுடல் வேறு என 1932-இல் ஷூட்ஸே பகுத்துக் காட்டினார். ஹாஃப்கின் இவற்றை அறியாமலே நற்பயன் கண்டார். எனினும் கொன்ற கிருமியாலாய மருந்து நெறிகட்டும் பிளேக்கைப் பெரிதும் தடுத்ததேயன்றி, நுரையீரலைப் பற்றும் பிளேக்கை நன்கு தடுத்திலது. போர்வையற்ற கிருமியும் கொல்லவல்லது எனப் பின்னர்த் தெரிந்தது. ஆதலின் அப்போர்வைப் புரதத்தோடு, கிருமி நம் அணுக்களில் நஞ்சு செலுத்தும் ஊசியின் நுனிப் புரதத்தையும் சேர்த்து மருந்து செய்ய இக்கால அறிஞர் முயல்கின்றனர்.

இனி அவருற்ற இடரைக் கூறுவோம். 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஒரே புட்டியினின்று மருந்து பெற்ற 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மேல் வீழ்ந்தது, பதவியும் போயிற்று. ஆனால் அன்று அவ்வூரில் புட்டியைத் திறந்த உதவியாளர், மண்ணில் விழுந்த இடுக்கியைச் செவ்வனே தூய்மை செய்யாது பயன்படுத்தினார் என்பது சான்றுகளால் விளங்கிற்று. 1907-இல் ரோனால்ட் ராஸ் முதலிய அறிஞர் பதின்மர் அவர்பொருட்டு வெளிப்படையாக எழுதினர். பழி நீங்கிற்று, அவர் மீண்டும் இந்தியா வந்து, கல்கத்தாவில் பணிபுரிந்தார். ஐந்தாண்டு மட்டும் மீளவில்லை.

1925-இல் அவர் நிறுவிய பம்பாய் ஆய்வுநிலையம் அவர் பெயரைப் பெற்றது. 1930-இல் லோசான் நகரில் அவர் மறைந்தார்.

நுண்கிருமியின் போர்வையை நீக்கிக் காண அறிவியலுக்குப் பல்லாண்டு வேண்டியிருந்தது; ஒரு நல்லவர்மேற் போர்த்த பழியை நீக்கவோ, சான்றுகளை அஞ்சாது ஆராயும் பதின்மர் வேண்டியிருந்தனர். மாணவராகிய நாம், பிறர்மேல் குற்றம் சாற்றுமுன் ஆராயும் அப்பதின்மருள் ஒருவராக விழைவோமாக.