குதிரை மேல் ஒரு வாழ்க்கை



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்கள் சொன்னார்கள். காந்தியடிகளையும் காமராஜரையும் எழுத வகுப்புக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஆப்பிரிக்கக் காடுகளில் குதிரை மேலேயே பாதி ஆயுளைக் கழித்த ஃபிரெடரிக் செலூ என்ற இங்கிலாந்துக்காரரைப் பற்றி. (ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் எஸ் வரும். சொல்லும்போது அது வராது.)

இவர் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் குதிரையால் வந்தது. எங்க தாத்தா பழனியில் ஜட்கா ஓட்டியவர். படிப்பு என்று எங்க வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆனால் கொள்ளும் லாடமும் கடிவாளமும் எனக்கு எழுத்து தெரியும் முன்னாலேயே தெரியும். அதனால் நூலகத்தில் அட்டையில் குதிரை இருந்த புத்தகத்தை எடுத்தேன். முதல் பாதியைப் படிக்கும்போது செலூவை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இரண்டாம் பாதியில் அது ஆட்டம் கண்டது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

செலூ பிறந்தது 1851 டிசம்பர் 31, லண்டனில். அப்பா லண்டன் பங்குச் சந்தைக்கே தலைவராக இருந்தவர். பையனை டாக்டராக்க ஆசைப்பட்டார். பையனோ பள்ளி விடுதியில் கட்டிலை விட்டு வெறுந்தரையில் படுத்துக்கொள்வானாம், ஆப்பிரிக்காவில் படுத்துப் பழக வேண்டும் என்று! 1867 ஜனவரியில் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஏரிப் பனிக்கட்டி உடைந்து, மேலே சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவர்களில் 40 பேர் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த செலூ, உடைந்த பனித்துண்டுகள் மேல் ஊர்ந்து கரையேறினான். அப்போது வயது 15.

1871 செப்டம்பரில், 20 வயது நிறையும் முன்னே, தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடாவில் கப்பலைவிட்டு இறங்கினார். கையில் 400 பவுண்டு. நம்ம வயதுதான் என்று நானும் முதலில் பெருமைப்பட்டேன். அப்புறம் யோசித்தேன், நம்ம கையில் 400 பவுண்டு கொடுத்து அனுப்ப யார் இருக்கிறார்கள்? சரி, அது கிடக்கட்டும்.

கொண்டுபோன நல்ல துப்பாக்கி வைரச் சுரங்கப் பக்கம் களவு போயிற்று. மலிவாக இரண்டு பழைய துப்பாக்கிகள் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் குழாய் வாய் வழியாக மருந்தைக் கையால் அள்ளிப் போட்டு, நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் ஈயக்குண்டை இறக்க வேண்டும். சுட்டால் தோள்பட்டை விட்டுப்போகும். ஒரு நாள் வெடிக்காத துப்பாக்கியில் கூட வந்த ஆள் தெரியாமல் இரண்டாவது தடவையும் மருந்து போட்டுவிட்டான். சுட்ட வேகத்தில் செலூ தூக்கி எறியப்பட்டார். இந்தத் துப்பாக்கிகளை வைத்துத்தான் மூன்று வருஷத்தில் 78 யானைகளைக் கொன்றார். தந்தம்தான் சம்பளம். மாடு, வண்டி, மருந்து, சாப்பாடு எல்லாச் செலவும் தந்தத்திலிருந்து வர வேண்டும்.

இந்தப் பயணம் எப்படி நடக்கும் என்பதுதான் எனக்கு ருசியாக இருந்தது. சாமான் எல்லாம் மாட்டு வண்டியில். ஒரு வண்டிக்கு 16, 18 மாடு ஜோடி ஜோடியாகப் பூட்டுவார்கள். குதிரை அந்த வேலைக்கு இல்லை. முன்னே போய்த் தண்ணீர் பார்க்கவும், ஒட்டகச்சிவிங்கி, யானை பின்னால் ஓடவும்தான் குதிரை. ஆனால் அங்கே குதிரைக்கு இரண்டு எமன்கள். ஒன்று, மழைக்காலத்தில் வரும் குதிரைக் கொள்ளைநோய். காலையில் நல்லா இருந்த குதிரை சாயங்காலம் மூக்கில் நுரை தள்ளிச் சாகும். பனிப்புல்லைத் தின்பதால்தான் வருகிறது என்று நினைத்து, வெயில் ஏறும்வரை மேய விடமாட்டார்கள். உண்மையில் அது இரவில் கடிக்கும், கொசுவைவிடச் சின்னப் பூச்சியால் வருவது. காரணம் தப்பு, ஆனால் வைத்தியம் பாதி சரி! நோய் வந்து பிழைத்த குதிரைக்கு உப்பேறிய குதிரை என்று பெயர். அதன் விலை மற்ற குதிரையைப்போலப் பல மடங்கு.

இன்னொரு எமன் செட்சி ஈ. அது இருக்கும் காட்டுக்குள் குதிரையும் மாடும் போனால் திரும்பாது. மனிதன் நடந்துதான் போக வேண்டும். எங்கே ஈ எல்லை ஆரம்பிக்கிறதோ அங்கே வண்டியையும் குதிரையையும் நிறுத்திவிட்டு, செலூ பருத்திச் சட்டையோடு யானையின் பின்னால் நடந்தே ஓடினார். ஈயின் உடம்பிலிருக்கும் ஒரு நுண்ணுயிர்தான் நோய்க்குக் காரணம் என்று டேவிட் புரூஸ் கண்டுபிடித்ததெல்லாம் 1890களில்.

1872-ல் ஒட்டகச்சிவிங்கியைத் துரத்திப் போய் வழி தவறினார். இரவில் குதிரையும் நழுவிவிட்டது. சோறில்லை, தண்ணீரில்லை, போர்வையில்லை. நான்கு பகல், மூன்று இரவு அலைந்து உள்ளூர்க்காரர்களின் கண்ணில் பட்டுப் பிழைத்தார். அவர்கள் கொடுத்த பாலால்தான் உயிர் நின்றது.

1878 செப்டம்பரில் இன்னொன்று. யானைக் கூட்டத்தைக் காலையிலிருந்து துரத்தியதில் குதிரை முற்றிலும் ஓய்ந்துவிட்டது. ஒரு பெண் யானை திரும்பிப் பாய்ந்தபோது குதிமுள்ளால் எத்தனை குத்தியும் குதிரை நடைக்கு மேல் போகவில்லை. யானை குதிரையையும் ஆளையும் சேர்த்து அடித்துக் கீழே தள்ளி, மண்டியிட்டுத் தந்தத்தைத் தரையில் குத்தியது. செலூ அதன் நெஞ்சுக்குக் கீழே மாட்டிக்கொண்டார். புழுதியும் ரத்தமுமாகப் பின்னங்கால் பக்கம் ஊர்ந்து வெளியே வந்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி இரண்டாம் பாதிக்கு வருகிறேன். செலூ யானை வேட்டைக்குப் போன நாடு மட்டபிலி மன்னர் லோபெங்குலாவுடையது. அவர் அனுமதியில்லாமல் யாரும் சுட முடியாது. 1872-ல் அந்த 20 வயதுப் பையனைப் பார்த்து மன்னர் சிரித்தார். யானை சுடவா வந்தாய், சின்ன மான் சுடத்தானே வந்திருப்பாய் என்று கேலி செய்தார். பிறகு, பொடியன்தானே, எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையால்தான் செலூவுக்கு ஒவ்வொரு ஆறும் மேடும் தெரிந்தது.

1880களில் யானை குறைந்தது, தந்தத்தில் லாபம் போயிற்று. செலூ அருங்காட்சியகங்களுக்கு விலங்கும் பட்டாம்பூச்சியும் சேகரித்துக் கொடுத்தார். 1888-ல் சாம்பசி ஆற்றுக்கு வடக்கே அவர் முகாமை இரவில் தாக்கியதில் உடன் வந்த 12 பேர் செத்தார்கள். செலூ தனியாக நடந்தே தப்பினார். அவர் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 12 பேரின் பெயரை நான் படித்த எதிலும் காணோம்.

1890-ல் சிசில் ரோட்ஸின் கம்பெனி, மட்டபிலி மன்னர் தன் ஆளுகை என்று சொன்ன மஷோனா நாட்டைப் பிடிக்கப் படை அனுப்பியது. வழி காட்டியவர் செலூ. நண்பர்களே, நான் சிவில் மாணவன். அந்தச் சாலையை வேலையாக மட்டும் பார்த்தால் வாய் பிளக்கிறது. சுமார் 650 கிலோமீட்டர் காடு. மன்னரின் ஊர்களைத் தொடாமல் தெற்கும் கிழக்குமாகச் சுற்றி அலைன்மென்ட் போட்டார். குதிரையில் முன்னே போய்த் தடம் பார்ப்பார். பின்னால் காமா மன்னர் அனுப்பிய ஆட்கள் கோடாலியோடு மரம் வெட்டி வருவார்கள். தாழ்நிலத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு வண்டி ஏற வழியில்லாமல் எல்லோரும் கலங்கியபோது, மலை மேல் ஏறிப் பார்த்து ஒரு கணவாயைக் கண்டுபிடித்தார். செப்டம்பர் 12-ம் தேதி படை போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய ஹராரே.

சாலைக்கு இடம் தேர்வு செய்யும்போது சரிவு, ஆறு, மண், செலவு எல்லாம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். யாருடைய நிலத்தில், யாருக்காக என்பது எங்கள் பாடத்தில் வராது. மட்டபிலிகள் மஷோனா ஊர்களைக் கொள்ளையடித்துப் பாழாக்கினார்கள், அந்த நாடு அவர்களுடையதே அல்ல என்பது செலூவின் வாதம். கொள்ளை நடந்தது பொய்யல்ல. ஆனால் அதற்காக வந்தவர்கள் நிலத்தை மஷோனாக்களிடமா கொடுத்தார்கள்? 1893-ல் கம்பெனி மட்டபிலி நாட்டின் மீதே படையெடுத்தது. அதிலும் செலூ சண்டையிட்டுக் காயம் பட்டார். லோபெங்குலா தன் ஊருக்குத் தானே தீ வைத்துவிட்டு ஓடி, வழியில் இறந்துபோனார். தன் நாட்டில் திரிய விட்ட மன்னருக்குப் பொடியன் செய்த கைம்மாறு இது. செலூ நேர்மையானவர், பொய் பேசாதவர் என்று எழுதாத ஆளே இல்லை. இருந்தாலும் என்னால் இதை விழுங்க முடியவில்லை.

பிறகு இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருந்தார். அமெரிக்காவின் ரூஸ்வெல்ட் 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பெரிய சஃபாரி போனபோது ஏற்பாடுகளுக்கு உதவி, மொம்பாசா வரை ஒரே கப்பலில் போனார். முதல் உலகப்போர் வந்ததும் 63 வயதில் படையில் சேர்ந்தார். ஜெர்மனியின் கையிலிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் சண்டை. கொண்டுபோன குதிரைகள் ஆயிரக்கணக்கில் நோயிலும் ஈ கடித்தும் செத்தன. செலூ காலாட்படை கேப்டன். 1917 ஜனவரி 4, பெஹோ பெஹோ என்ற இடத்தில் மறைந்திருந்து சுட்டவனின் குண்டு பட்டு இறந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஜனவரி 4-ல் அவருடைய மகனும் போர் விமானத்தில் இறந்தான்.

அந்தக் காட்டுக்கு 1922-ல் செலூ பெயரை வைத்தார்கள். 2019-ல் டான்சானியா அரசு அதன் பெரும்பகுதியைப் பிரித்து நயரேரே தேசியப் பூங்கா ஆக்கியது. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: அங்கே ரூஃபிஜி ஆற்றில் 2115 மெகாவாட் அணை கட்டியிருக்கிறார்கள். செலூவின் கல்லறை அந்தப் பூங்காவுக்குள் ஒரு புளியமரத்தடியில் இருக்கிறது. புளியமரம் நம்ம ஊர் மரம் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பூர்வீகமே ஆப்பிரிக்காவாம்.

விடுமுறையில் இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். ராஜா கதையையும் சாலைக் கதையையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டது ஒன்றுதான். யானை தள்ளிய அந்தக் குதிரை என்ன ஆச்சு, கண்ணு என்றார். தந்தம் கிழித்த காயத்தோடு எழுந்து நின்றது தாத்தா என்றேன். அவ்வளவு ஓட்டின குதிரைக்கு முதலில் தண்ணி காட்டினானா என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.