சேக்கிழாரும் தேரோடும் வீதியும்

தமிழகத்தின் பழம்பெரும் பகுதிகளுள் தொண்டை நாடும் ஒன்று. அந்நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த குன்றத்தூரில், 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெருமகனார் அருண்மொழித் தேவர். சேக்கிழார் என்பது அவர்தம் குடிப்பெயர். குடிக்குரிய அப்பெயரே பிற்காலத்தில் அவர் ஒருவரையே குறிக்கும் சிறப்புப் பெயராக நிலைத்துவிட்டது. அவருக்குப் பாலறாவாயர் என்னும் தம்பி ஒருவர் இருந்தார். உடன்பிறந்தார் இருவரும் இளமையிலேயே தமிழ் நூல்களைத் துறைபோகக் கற்றுத் தேர்ந்தனர்.

சேக்கிழாரின் இளமையைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. சோழ மன்னன் ஒருமுறை மூன்று வினாக்களை எழுப்பினானாம். மலையினும் பெரியது யாது, கடலினும் பெரியது யாது, உலகினும் பெரியது யாது என்பன அவை. அவற்றிற்கு விடை காணாது தம் தந்தையார் கலங்கியிருந்தபோது, அருண்மொழித் தேவர் திருக்குறளைத் துணைக்கொண்டு விடை எழுதித் தந்தார். தன் நிலையில் வழுவாது அடங்கி வாழ்பவனின் உயர்வே மலையினும் பெரியது என்பது முதல் வினாவிற்கு அவர் கண்ட விடை. பயன் கருதாது செய்த உதவி கடலினும் பெரியது என்றும், தக்க காலத்தில் செய்த உதவி உலகினும் பெரியது என்றும் ஏனைய இரண்டிற்கும் விடை அமைந்தது. இவ்விடைகளைக் கண்டு வியந்த மன்னன் அவரைத் தன் அவைக்கு அழைத்துக்கொண்டான் என்பர். அடக்கமே ஆற்றல் என்று இளமையில் கண்ட அவ்வுண்மையை, பின்னாளில் தாம் இயற்றிய பெருநூலின் வாயிலிலேயே அவர் ஒரு கதையாக அமைத்து வைத்தார்.

அக்காலத்தில் சோழ நாட்டை ஆண்டவன் இரண்டாம் குலோத்துங்கன். அவனை அநபாயன் என்றும் வழங்குவர். அவன் ஏறத்தாழ 1133 முதல் 1150 வரை அரசு புரிந்தான். அவனிடத்தில் சேக்கிழார் முதலமைச்சராய் அமர்ந்து, உத்தம சோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்றார். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள திருநாகேச்சரத்தின்பால் அவருக்கு எல்லையற்ற பற்று இருந்தது. ஆதலால் தம் ஊராகிய குன்றத்தூரிலும் அதே பெயரில் ஒரு திருக்கோயில் எடுப்பித்தார். அக்கோயில் இன்றும் அங்கே நிலைபெற்றுள்ளது.

சோழ மன்னன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டுத் தன் பொழுதைக் கழித்து வந்தான். சேக்கிழார் அவனுக்குச் சிவனடியார்களின் வரலாற்றை எடுத்துரைத்தார். சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையும், அதனை விரித்து நம்பியாண்டார் நம்பி இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதியும் அவ்வரலாறுகளைச் சுருக்கமாகவே கூறின. அவற்றை ஒரு பெருங்காப்பியமாக விரித்துப் பாடுமாறு மன்னன் வேண்டினான். சேக்கிழார் அவ்வேண்டுகோளை ஏற்றுத் தில்லை என்னும் சிதம்பரத்திற்கு வந்து சேர்ந்தார். அங்குள்ள ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து, சித்திரைத் திங்கள் திருவாதிரை நாளில் தொடங்கி, மறு ஆண்டு அதே நாளில் நூலை நிறைவு செய்தார் என்று சேக்கிழார் புராணம் கூறும். அந்நூலே திருத்தொண்டர் புராணம் எனப்படும் பெரியபுராணம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அது, பன்னிரண்டாம் திருமுறையாய் வைத்துப் போற்றப்படுகிறது.

சேக்கிழார் அமைச்சராய் இருந்தமையால் நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் வழிகளையும் நன்கு அறிந்திருந்தார். அவ்வறிவு நூல் முழுதும் ஒளிர்கிறது. இன்றைய கடலூர் மாவட்டத்து ஊர்கள் பல அதில் இடம்பெறுகின்றன. நாவுக்கரசர் பிறந்த திருவாமூரும், அவர் நோய் நீங்கிய திருவதிகையும், கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட அவர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் இம்மாவட்டத்தனவே. திருப்பாதிரிப்புலியூர் இப்போது கடலூர் நகரின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய நாவுக்கரசரின் உருவம், பிறர் நடக்கும் வழியைத் தூய்மையாக வைத்திருப்பதும் ஒரு தொண்டே என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

இத்தகைய பெருநூலைச் சேக்கிழார் எங்கிருந்து தொடங்குகின்றார் என்பதை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். அடியார் ஒருவரின் வரலாற்றையும் விரித்துரைக்கும் முன்னரே, திருவாரூர் நகரின் சிறப்பைக் கூறுமிடத்தில், ஒரு வீதியில் நேர்ந்த விபத்தை அவர் எடுத்துரைக்கின்றார்.

மனுநீதிச் சோழனின் மைந்தன் தேர் ஏறி, படையும் சுற்றமும் சூழ அரச வீதியில் வந்துகொண்டிருந்தான். இளங்கன்று ஒன்று ஒருவரும் காணாதபடி துள்ளி வந்து தேர்க்காலின் இடையிற் புகுந்து மடிந்தது. இளவரசன் கொடியவன் அல்லன். கன்றைக் கொல்ல வேண்டும் என்று எண்ணியவனும் அல்லன். நேர்ந்ததைக் கண்டு நெஞ்சு பதைத்தான். தேரினின்று இறங்கி வீழ்ந்தான். தந்தை அறியுமுன் இதற்குக் கழுவாய் தேடவேண்டும் என்று அறவோரை நாடிச் சென்றான். இதற்கிடையே தாய்ப்பசு கண்ணீர் வடித்தவாறு அரண்மனை வாயிலை அடைந்து, ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது.

நடந்ததை அறிந்த மன்னன் துயரக் கடலில் மூழ்கினான். அமைச்சர்கள் அவனைத் தேற்றி, நூல்களில் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்று கூறினர். மன்னன் அதனை ஏற்கவில்லை. அக்கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயருக்கு மருந்தாகுமா என்று வினவினான். வேறு ஒருவன் ஓர் உயிரைக் கொன்றிருந்தால் தண்டனை விதிக்கும் தான், தன் மைந்தனுக்கு மட்டும் வேறு நீதி வழங்கலாமா என்றும் கேட்டான். குடிகளுக்குத் தன்னாலும், தன் பரிவாரத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் அச்சம் ஐந்தையும் தீர்ப்பவனே காவலன் என்பது அவன் கொண்ட கொள்கை. மைந்தன்மீது தேரைச் செலுத்துமாறு அவன் ஓர் அமைச்சரைப் பணித்தான். அச்செயலைச் செய்ய மனம் வாராத அமைச்சர் தம் உயிரையே விட்டார். பின்னர் மன்னன் தானே தன் மைந்தனை வீதியிற் கிடத்தித் தேரை ஊர்ந்தான். இறைவன் தோன்றி அருள, கன்றும் இளவரசனும் அமைச்சரும் உயிர்பெற்று எழுந்தனர் என்று கதை முடிகின்றது.

இக்கதை சேக்கிழார் புதிதாகப் புனைந்தது அன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதனைக் குறிப்பிடுகின்றாள். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டும் இதனைக் கூறுகின்றது. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னனைப் பற்றி இலங்கையின் மகாவம்சமும் இதனையொத்த கதையைச் சொல்கின்றது. திருவாரூரில் இதற்குக் கல்தேர் ஒன்று உண்டு. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை நிற்கின்றது. எனினும் இதனை ஒரு பெருங்காப்பியத்தின் வாயிலிலே நிறுத்தியவர் சேக்கிழாரே. அவரும் ஓர் அமைச்சர் என்பதை நாம் மறத்தலாகாது. மன்னனுக்கு இனிமையானதைச் சொல்லி நீதியைத் தளர்த்தும் அமைச்சர்களை, முதலமைச்சராய் இருந்த ஒருவரே, தம் மன்னன் முன்னிலையில் பாடிக் காட்டினார். அஃது எளிய செயல் அன்று.

நூல் நிறைவுற்றதும் மன்னன் தில்லைக்கு வந்து, அந்நூல் அரங்கேறுவதை இருந்து கேட்டான். அரங்கேற்றம் முடிந்தபின், சேக்கிழாரையும் அவர் நூலையும் யானைமீது ஏற்றி, தானும் உடன் ஏறிக் கவரி வீசியவாறு தில்லையின் வீதிகளில் வலம் வரச் செய்தான். தொண்டர்சீர் பரவுவார் என்னும் திருப்பெயரும் அவருக்குச் சூட்டப்பெற்றது. அமைச்சுரிமையைத் தம்பி பாலறாவாயர் ஏற்க, சேக்கிழார் தில்லையிலேயே தங்கித் தவநெறியில் நின்று இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

சேக்கிழார் யானைமீது உலா வந்த சிதம்பரத்தில் இன்றும் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரோட்டம் நிகழ்கின்றது. அந்நாட்களில் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் உலா வருகின்றன. அவை எல்லாம் வலமாகவே செல்லும். ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுச் செல்லுமேயன்றி, ஒன்றை ஒன்று முந்துவதில்லை. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். எனினும் தேரின் போக்கு சக்கரத்தின் அருகில் முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலரின் கையிலேயே இருக்கின்றது. தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அக்கட்டைகளே. இழுக்கும் வலிமை எவ்வளவு பெரிதாயினும், தடுக்கும் வலிமை உடன் இல்லையேல் தேர் வீதிக்குப் பகையாகிவிடும்.

இன்று நம் சாலைகளில் ஓடும் தேர்கள் கார்களும் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் ஆகும். கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 45 நிமிடமும், 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 34 நிமிடமும் ஆகும். மிஞ்சுவது 11 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலையை எண்ணிப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். எதிரே ஓர் ஆடோ குழந்தையோ வருவதைக் கண்டு ஓட்டுநரின் கால் தடையை மிதிப்பதற்கே ஒரு நொடிக்குமேல் ஆகலாம். மிதித்த பின்னும், உலர்ந்த நல்ல சாலையில், 20 மீட்டர் அளவு ஓடியே வண்டி நிற்கும். வேகம் 80 ஆனால் அந்த 20 மீட்டர் 35 ஆகும். வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்மடங்காகும் என்பது இயற்பியல் விதி. அவ்விதி அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவற்றுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேலான இறப்புகளுக்கு மிகு வேகமே காரணமாய்க் காட்டப்பட்டுள்ளது.

வேகத்தைப் போலவே தடமும் பேணத்தக்கது. நம் நாட்டில் இடப்புறம் செல்லுதலே முறை. அகன்ற சாலையில் வலத்தடம் முந்திச் செல்வதற்கு உரியது. முந்திய பின் இடத்தடத்திற்கு மீளுதல் வேண்டும். தடம் மாறுமுன் கண்ணாடியில் பின்புறம் நோக்கி, விளக்கால் குறிப்புக் காட்டுதல் கடன். முன் செல்லும் வண்டியை ஒட்டிச் செல்லாது இடைவெளி விடுதலும் இன்றியமையாதது.

ஓட்டுநருக்கு உதவும் கருவிகளும் இப்போது வந்துள்ளன. 2019 சூலை முதல் இந்தியாவில் செய்யப்படும் புதிய கார்களில், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. சில கார்களில் கேமராவும் ரேடாரும் சாலையைக் கண்காணிக்கின்றன. தடம் விலகினால் எச்சரிக்கின்றன. முன்னே தடை தோன்றின் தாமே வண்டியை நிறுத்த முயல்கின்றன. இவை இக்காலத்து முட்டுக்கட்டைகள். ஆயினும் அழிந்த கோடுகளையும், கடுமழையையும், இருளில் திடீரெனக் குறுக்கிடும் கன்றையும் அவை எப்போதும் சரியாகக் கண்டுகொள்ளும் என்று நம்பிவிடல் ஆகாது. எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் வேகத்தைக் குறைக்காதவனுக்குக் கருவியால் பயன் என்ன? கருவி துணையாகுமேயன்றிப் பொறுப்பை ஏற்காது.

பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்குச் சட்டமும் விடை தருகின்றது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயது வாராத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவன் பெற்றோரோ காப்பாளரோ வண்டியின் உடைமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். தம் அறிவின்றி அது நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்தோம் என்றோ அவர்கள் மெய்ப்பித்தாலன்றி, மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். மைந்தன் செலுத்திய தேருக்குத் தந்தையும் பொறுப்பு என்று மனுநீதிச் சோழன் உணர்ந்ததை இச்சட்டம் நமக்கு நினைவூட்டுகின்றது.

மாணவர்களே, பெரியபுராணத்தில் கன்று மீண்டும் எழுந்தது. நம் சாலைகளில் மடிந்தவர் மீண்டு எழுவதில்லை. ஆதலின் விபத்து நேர்ந்தபின் வருந்துதலினும், நேராது காத்தலே அறிவுடைமை. வீதி வலியோர்க்கு மட்டும் உரியதன்று. நடப்போர்க்கும், மிதிவண்டியில் செல்வோர்க்கும், வாய் பேசாத உயிர்களுக்கும் உரியது. நீங்கள் வளர்ந்து வண்டி செலுத்தும் நாளில், மலையினும் பெரியது அடக்கம் என்று சேக்கிழார் இளமையில் கண்ட விடையை உங்கள் கையும் காலும் அறிந்திருத்தல் வேண்டும். அதுவே அப்பெருமானுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் ஆகும்.