ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ்

சிறுவாச்சூரைக் கடந்து திருச்சி செல்லும் பேருந்திலிருந்து கைபேசியில் இல்லத்தாருடன் பேசுகிறோம். கம்பியேதுமின்றி அக்குரலைச் சுமந்து செல்வது மின்காந்த அலை. அவ்வலையின் இயல்புகளை நம் நாட்டில் முன்னோடியாக ஆய்ந்தவர் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் ஆவார். தாவரங்களின் உணர்வை ஆய்ந்தவர் என்றே நம் குடும்பங்களில் அவரை அறிவர்; அதற்கு முந்தைய இப்பணி அத்துணை பேசப்படுவதில்லை.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30 அன்று பிறந்த போஸ், கேம்பிரிட்ஜில் பயின்று, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயர்க்கு உரியதினும் குறைந்த ஊதியமே அவருக்கு வகுக்கப்பட்டது. அதனை ஏலாத அவர், மூன்றாண்டுகள் ஊதியமே பெறாது கற்பித்தார். பின்னர் அரசு முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கிற்று.

ஒளியும் மின்காந்த அலையே என்பதை மாக்ஸ்வெல் 1865இல் கணிதத்தால் நிறுவினார். ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் 1888இல் அத்தகைய அலைகளைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார். ஆயின் அவை நீண்ட அலைகள். அவற்றை விலகச் செய்ய அவருக்கு ஒன்றரை மீட்டர் உயரக் கீல் முப்பட்டகம் தேவைப்பட்டது. போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைத்தார். மின்காந்த அலைகள் யாவும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைவிலேயே செல்வன. எனவே அலைநீளம் குறையின் அதிர்வெண் மிகும். 5 மில்லிமீட்டர் அலை நொடிக்கு 6,000 கோடி முறை அதிர்வது.

அலை சிறுத்ததால் கருவிகளும் சிறுத்தன. ஒரு மேசையின்மேல் அனைத்தும் அடங்கின. உலோகத் தகட்டில் அலை எதிரொளித்தது; கந்தக வில்லையில் ஒளியைப் போலவே விலகிற்று. இரயில்வே கால அட்டவணை நூலொன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதனூடே அலையைச் செலுத்தினார். ஏடுகளுக்குச் செங்குத்தாக அதிரும் மின்புலம் கடந்தது. இணையாக அதிர்வது தடைப்பட்டது. முறுக்கிய சணல் கற்றையோ அதிர்வுத் தளத்தையே திருப்பிற்று. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதும் இதுவே அன்றோ!

1895 வாக்கில் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1897 சனவரியில் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார்.

மார்க்கோனிக்கு முன்னரே வானொலியைக் கண்டவர் இவரென்று சிலர் பெருமை பேசுவர். அது முற்றும் பொருந்தாது. தடைகளைச் சுற்றி வளைந்து நெடுந்தொலைவு செல்ல நீண்ட அலைகளே ஏற்றவை. போஸ் நாடியது தொலைத்தொடர்பன்று, அலையின் இயல்பே. காப்புரிமையையும் அவர் விரும்பினாரில்லை. கலீனா எனும் ஈயக் கனிமத்தாலான அலையுணர் கருவிக்கு, நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிட்டிற்று. அதனால் அவர் பொருளேதும் ஈட்டவில்லை.

1917இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் அமைத்தார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் மறைந்தார். அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகளை ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவைக்கும் இன்று ஒதுக்கியுள்ளனர்.